வெறும் எம்.பி.பி.எஸ். தானா?

தெருமுனையில் கிளினிக் வைத்து மூன்று தலைமுறைக்கு வைத்தியம் பார்த்த பொது மருத்துவர் அரிதாகிக்கொண்டே போகிறார். அவருடைய தேவை தீர்ந்துவிட்டதா, அவருடைய வேலைக்கு விலை வைக்க நாம் மறந்துவிட்டோமா?

கல்யாண வீட்டில் ஓர் இளம் டாக்டரை அறிமுகம் செய்துவைத்துப் பாருங்கள். இரண்டாவது கேள்வியாக வந்து விழுவது இதுதான்: "மேல என்ன பண்றீங்க தம்பி?" நான்கரை ஆண்டுப் படிப்பு, ஓர் ஆண்டு பயிற்சி, இரவுபகலாக வார்டு வேலை எல்லாம் முடித்து, "கிளினிக் வெச்சிருக்கேன் சார்" என்று அவர் சொன்னால் கேட்டவரின் உற்சாகம் சட்டென்று வடிந்துவிடும். "அப்போ வெறும் எம்.பி.பி.எஸ். தானா?" பெண் பார்க்கும் வீட்டிலும் இதே கேள்விதான். வீட்டுக்கடன் கேட்டுப் போகும் வங்கியிலும், கூடப் படித்த நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும்கூட இதே தொனிதான்.

அப்படிக் கேட்பவரின் அப்பாவுக்கும் பாட்டிக்கும் வைத்தியம் பார்த்தவர்கள் பெரும்பாலும் அந்த 'வெறும்' எம்.பி.பி.எஸ். டாக்டர்கள்தான். வடசென்னை வண்ணாரப்பேட்டையில் 1970களில் 2 ரூபாய் வாங்கிக்கொண்டு வைத்தியத்தைத் தொடங்கி, 'அஞ்சு ரூபா டாக்டர்' என்றே பெயர் வாங்கிய ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் மறைந்தபோது அந்தப் பகுதியே திரண்டு வந்து அழுதது. கோவை சித்தாபுதூரில் 'இருபது ரூபா டாக்டர்' பாலசுப்பிரமணியம் 2016 நவம்பரில் மறைந்தபோதும் அப்படித்தான். இருவரையும் தெய்வம் என்றோம், போஸ்டர் ஒட்டினோம். தெய்வமாக இருந்தால்தான் இந்தத் தொழிலை நடத்த முடியும் என்றால், சாதாரண மனிதராகப் பிறந்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஒரு டாக்டர் என்ன செய்வார் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

எண்ணிக்கையில் டாக்டர்களுக்குக் குறைவே இல்லை. 2014-ல் நாட்டில் 51,348 ஆக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் 2023-ல் 1,07,948 ஆகிவிட்டன. தமிழ்நாட்டில் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள், 1,450 புதிய இடங்களோடு திறக்கப்பட்டன. இதே காலத்தில் முதுநிலை இடங்களும் 31,185-லிருந்து 67,802 ஆகின. ஆனால் முதுநிலை நீட் எழுதுபவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். இடம் கிடைக்காதவர்கள் அடுத்த ஆண்டு மறுபடி எழுதுகிறார்கள், அதற்கும் அடுத்த ஆண்டும் எழுதுகிறார்கள். இடையில் ஏதாவதொரு நர்சிங் ஹோமில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டு கோச்சிங் வகுப்புக்குப் போகிறார்கள். பொது மருத்துவம் என்பது அவர்களைப் பொறுத்தவரை ஒரு தொழில் அல்ல, தேர்வு முடிவு வரும்வரை ஒதுங்கி நிற்கும் திண்ணை.

மூன்றாம் நாள் காய்ச்சல்

பொது மருத்துவர் அப்படி என்னதான் செய்கிறார்? சளி, காய்ச்சலுக்கு மாத்திரை எழுதுவதற்கு ஐந்தரை ஆண்டு எதற்கு என்ற எண்ணம் படித்தவர்களிடமே உண்டு.

மழைக்காலத்தில் ஒரு சிறுவனைக் கூட்டிக்கொண்டு அம்மா வருகிறார். இரண்டு நாள் காய்ச்சல், உடம்புவலி. வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடல் நிலைகுலைகிறது. "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடும் நேரம் அது. நல்ல பொது மருத்துவர் அந்தச் சிறுவனைத் தொட்டுப் பார்த்து, நாடி பிடித்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, இன்று மருத்துவமனையில் சேர்க்கத் தேவையில்லை என்று முடிவெடுப்பார். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது ஆகிய நான்கில் ஒன்று தெரிந்தாலும் நேரம் பார்க்காமல் கிளம்பி வரச் சொல்வார். நாளை மறுநாள் மறுபடி வரச் சொல்வார். ஆன்டிபயாட்டிக் எழுத மாட்டார். வைரஸுக்கு அது எதுவும் செய்யாது.

இந்த வேலைக்குள் என்னென்ன இருந்தன? நோயின் போக்கு தெரிந்த படிப்பு, அந்தக் குடும்பம் சொன்னபடி திரும்பி வரும் என்று தெரிந்த பழக்கம், தான் எடுத்த முடிவு தவறாகிவிட்டால் பழி தன் தலையில் விழும் என்று தெரிந்தே எடுத்த பொறுப்பு. ஆனால் கையில் கொடுப்பதற்கு அவரிடம் இருந்தது ஒரு பாரசிட்டமால் சீட்டு மட்டும். "ஊசிகூடப் போடல, இதுக்கு எதுக்கு இருநூறு ரூபா?" என்று வாசல் தாண்டியதும் ஒரு குரல் கேட்கும். நாலு டெஸ்ட் எழுதி, ஒரு ஊசி போட்டு, ட்ரிப்ஸ் ஏற்றி அனுப்பும் எதிர்த்தெரு டாக்டரைத்தான் 'நல்லா பாக்கிறார்' என்பார்கள்.

இன்னொரு பக்கம் அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒருவர், முட்டிவலிக்கு ஒருவர், தூக்கத்துக்கு ஒருவர். நான்கு பேருமே கெட்டிக்காரர்கள், நான்கு சீட்டுகளும் தனித்தனியாகச் சரியானவை. ஆனால் முட்டிவலிக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் ரத்த அழுத்தத்தை ஏற்றும், ஏற்கெனவே சர்க்கரையால் தேய்ந்துகொண்டிருக்கும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். அழுத்தம் ஏறியதைப் பார்த்து இதய டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்ப்பார். மாத்திரைப் பை மொத்தத்தையும் மேசையில் கொட்டி, "இதை நிறுத்துங்க, இது போதும்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். நம் ஊரில் அந்த நாற்காலிதான் காலியாகிக்கொண்டிருக்கிறது.

எல்.எம்.பி. போனார், யார் வந்தார்?

ஒரு காலத்தில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 'எல்.எம்.பி. டாக்டர்' என்றால் தனி மரியாதை. பட்டப்படிப்புக்குக் கீழே குறுகிய காலம் படித்து வந்த உரிமம் பெற்ற மருத்துவர் அவர். இன்றைய ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, 1938-ல் கல்லூரியாகும் வரை ராயபுரத்தில் அந்தப் படிப்பை நடத்திய பள்ளிதான். வேலூரில் ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கியதும் எல்.எம்.பி. பள்ளியே. அதுதான் இன்றைய சி.எம்.சி.

நாட்டின் மருத்துவ நிலையை ஆராய 1943-ல் அமைக்கப்பட்ட போர் (Bhore) குழு 1946-ல் அறிக்கை தந்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவு பெற்ற டாக்டர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இந்த உரிமம் பெற்றவர்களே. நாட்டுக்கு இனி ஒரே வகை டாக்டர் போதும், முழுப் பட்டம் பெற்ற 'அடிப்படை மருத்துவர்' போதும் என்றது குழு. தரம் உயர வேண்டும் என்ற நோக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அடிப்படை மருத்துவரை எப்படிப் பயிற்றுவிப்பது, ஊரில் எப்படி நிலைக்க வைப்பது என்ற இரண்டாம் பாதி நடக்கவே இல்லை. எம்.பி.பி.எஸ். மாணவர் படிப்பு முழுவதும் பார்ப்பது பெரிய மருத்துவமனையின் வார்டுகளையே. அவருக்குச் சொல்லித்தரும் ஒவ்வொருவரும் ஒரு தனித்துறை நிபுணர். தெருமுனை கிளினிக்கில் வாழ்நாளைக் கழித்த ஒருவர்கூட ஆசிரியராக அவர் எதிரில் நிற்பதில்லை. பார்க்காத ஒன்றாக ஆக வேண்டும் என்று எந்த மாணவருக்கும் ஆசை வராது.

இன்றும் மருத்துவக் கல்லூரி நடத்தக் கட்டாயம் வேண்டிய துறைகளின் பட்டியலில் குடும்ப மருத்துவம் கிடையாது. தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் டி.என்.பி. என்ற முதுநிலை முறையில் குடும்ப மருத்துவப் படிப்பு பல்லாண்டுகளாக இருக்கிறது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி எம்.டி. படிப்பையே கொண்டுவந்தது. வேலூர் சி.எம்.சி. 1982-லேயே குறைந்த செலவில் தரமான சிகிச்சை தரும் தனிப் பிரிவை ஊருக்குள் நடத்தத் தொடங்கியது; ஏற்கெனவே கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்களுக்காகத் தொலைதூரக் கல்வியில் குடும்ப மருத்துவப் படிப்பையும் நடத்துகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு, இருக்கும் இடத்திலேயே தீர்த்துவைக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அந்தப் படிப்பின் சாரம். முயற்சிகள் இல்லாமல் இல்லை. ஆனால் லட்சத்தைத் தாண்டிய எம்.பி.பி.எஸ். இடங்களுக்கு முன்னால் இவை சொற்பம்.

2019-ல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ம் பிரிவு, டாக்டர் அல்லாத 'சமுதாய சுகாதாரப் பணியாளர்'களுக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்றது. போலி டாக்டர்களுக்குக் கதவு திறக்கிறீர்கள் என்று இந்திய மருத்துவச் சங்கம் அந்த ஜூலை 31 அன்று நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தது. 1946-ல் முன்வாசலில் அனுப்பி வைத்த எல்.எம்.பி.யை எழுபது ஆண்டு கழித்துக் கொல்லைப்புறமாக அழைக்கப் பார்த்ததுதான் இதில் வேடிக்கை.

படுத்தால்தான் பணம்

நம் அரசு மருத்துவக் காப்பீடு எதற்குப் பணம் தருகிறது என்று பாருங்கள். 2009-ல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் வழிவந்த இன்றைய முதலமைச்சர் திட்டமாகட்டும், 2018-ல் வந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் ஆகட்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகின்றன. பல குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றிய திட்டங்கள் இவை. ஆனால் மருத்துவமனையில் படுத்தால்தான் அந்தப் பணம். பக்கவாதம் வந்து சேர்ந்தால் காப்பீடு உண்டு. பக்கவாதம் வராமல் பத்து ஆண்டு ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்த டாக்டருக்கு ஒரு ரூபாய் கிடையாது. தனியார் காப்பீட்டிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

தேசிய சுகாதாரக் கணக்கின்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுப்பது 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-ல் 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நல்ல செய்திதான். மிச்சமிருக்கும் செலவில் பெரும் பகுதி இந்தத் தெருமுனையில்தான் நடக்கிறது: கிளினிக், லேப், மெடிக்கல் ஷாப்.

கன்சல்டிங் ஃபீஸை மட்டும் நம்பும் டாக்டருக்கு வாடகை, நர்ஸ் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் போக மிச்சம் வேண்டுமென்றால் ஒரு மாலையில் ஐம்பது, அறுபது பேரைப் பார்த்தாக வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் கேட்டு, தொட்டுப் பார்த்து, விளக்கிச் சொல்ல முடியாது. ஆன்டிபயாட்டிக் எழுத முடியும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பற்றி 2012-ல் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டதும், சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதைக் கட்டுப்படுத்த 2014-ல் 'எச்-1' அட்டவணை கொண்டுவந்ததும் நல்ல முயற்சிகளே. ஆனால் டாக்டருக்கு நேரம் கொடுக்காமல் ஆன்டிபயாட்டிக்கைக் குறைக்கச் சொல்வது நடக்காத காரியம்.

ஃபீஸ் போதாத இடத்தில்தான் கமிஷன் நுழைகிறது. ஸ்கேனுக்கு அனுப்பினால் இவ்வளவு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் இவ்வளவு என்று மாதக் கடைசியில் உறை வருவது ஊரறிந்த ரகசியம். 2002-ல் மருத்துவக் கவுன்சில் வகுத்த நெறிமுறைகள் இதை வெளிப்படையாகவே தடைசெய்கின்றன. ஆனாலும் தொடர்கிறது. இதை வாங்காத டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நேர்மையாக இருப்பவர் ஒவ்வொரு மாதமும் நஷ்டப்பட்டுக்கொண்டே நேர்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய ஏற்பாடு.

வழக்கும் அடியும்

காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1995-ல், வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. நோயாளிக்கு அது ஒரு பாதுகாப்பு, வேண்டியதும்கூட. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், அப்பட்டமான அலட்சியம் இருந்தால்தான் டாக்டர் மீது குற்றவியல் நடவடிக்கை என்று அதே நீதிமன்றம் எல்லை வகுத்தது. சட்டம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளினிக் மேசையில் அதன் விளைவு வேறு. "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க" என்று எழுதிய டாக்டர் மீது யாரும் வழக்குப் போடுவதில்லை. "தேவையில்லை, ரெண்டு நாள் பார்ப்போம்" என்றவர்தான் பின்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடி விழும் பயமும் சேர்ந்துகொள்கிறது. மருத்துவர்களைத் தாக்கினால் கடும் தண்டனை என்று தமிழ்நாடு 2008-லேயே தனிச் சட்டம் போட்டது. ஆனாலும் 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவர் பணியிலேயே கத்தியால் குத்தப்பட்டார். அத்தனை பெரிய வளாகத்தில் இது நடந்தால், கணவனும் மனைவியும் நடத்தும் இரண்டு அறை கிளினிக்கில் என்ன பாதுகாப்பு?

மேலும், மாநில மருத்துவ நிறுவனங்கள் சட்டத்துக்கு 2018-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு கிளினிக்கும் பதிவு செய்ய வேண்டும். 2016 விதிகளின்படி ஊசி, பஞ்சுக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் வேண்டும். இரண்டும் தேவையானவையே. பெரிய மருத்துவமனையில் இதற்கென்று தனி அலுவலகம் இருக்கும். தெருமுனை டாக்டரோ நோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகு இரவு பத்து மணிக்குத் தானே உட்கார்ந்து படிவம் நிரப்ப வேண்டும்.

வீடு தேடி வந்த மாத்திரை

அரசுத் தரப்பில் தமிழ்நாடு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2024-ல் ஐ.நா. விருதும் இதற்குக் கிடைத்தது. 2023 ஜூனில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் காலையும் மாலையும் ஒரு டாக்டர். நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்ன பிறகு, இந்த அடித்தளம் எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மாத்திரை வீட்டுக்கு வருகிறது, டாக்டர் மாறிக்கொண்டே இருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேரும் இளம் டாக்டரின் கண், அரசுப் பணியில் இருப்பவர்களுக்கான முதுநிலை ஒதுக்கீட்டின் மேல் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டைத் தரும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்று 2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள்தான் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வென்றார்கள். மாவட்ட மருத்துவமனைகளில் இன்று நிபுணர்கள் இருப்பதற்கு அந்த ஒதுக்கீடு பெரிய காரணம், அதைக் கைவிடக் கூடாது. அதே நேரம், கிராமத்திலேயே இருபது ஆண்டு இருந்து அங்கேயே சம்பளமும் பதவியும் உயர வேண்டும் என்று விரும்பும் டாக்டருக்கு ஏணியே கிடையாது. மேலே போக வேண்டுமென்றால் நோயாளியை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

நார்வேயின் கணக்கு

ஒரே டாக்டரிடம் தொடர்ந்து போவதால் என்ன லாபம் என்பதற்கு நார்வேயில் தெளிவான விடை இருக்கிறது. 2001 முதல் அங்கே ஒவ்வொரு குடிமகனுக்கும் பெயர் சொல்லி ஒரு பொது மருத்துவர் உண்டு. ஏறத்தாழ 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2022-ல் வெளியான ஆய்வின்படி, ஒரே டாக்டரிடம் 15 ஆண்டுக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஓராண்டு மட்டுமே இருந்தவர்களோடு ஒப்பிட்டால், அவசர மருத்துவமனைச் சேர்க்கை 28 சதவீதம் குறைவு. இறப்பு 25 சதவீதம் குறைவு. ஒரு புதிய மாத்திரைக்கு இப்படிப்பட்ட பலன் தெரிந்திருந்தால் கம்பெனிகள் வீதி வீதியாக விளம்பரம் செய்திருக்கும்.

நார்வே பணக்கார நாடு, நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். பணத்தின் அளவை விட, பணம் போகும் வழிதான் அங்கே முக்கியம். பிரிட்டனைப் போலவே அங்கும் டாக்டரின் வருமானத்தில் ஒரு பங்கு, அவர் பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பணம் உண்டு. எனவே அவரை ஆரோக்கியமாக வைத்திருப்பதே டாக்டருக்கும் நல்லது. பிரிட்டனில் இன்று அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடாக இருக்கிறது, டாக்டர்கள் சோர்ந்துபோயிருக்கிறார்கள் என்பதும் உண்மை. பட்டியலில் ஆளைச் சேர்த்துக்கொண்டே போய், டாக்டர்களைச் சேர்க்காவிட்டால் இதுதான் நடக்கும். அதையும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

காப்பீட்டுத் திட்டத்தில் புற நோயாளி சிகிச்சைக்கென்று ஒரு சிறு பங்கை ஒதுக்கி, பதிவு செய்த குடும்பத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று தெருமுனை டாக்டருக்குக் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு மாவட்டத்தில் தொடங்கினாலே போதும். மருத்துவக் கல்லூரிகளில் குடும்ப மருத்துவத் துறை வேண்டும், அதில் கிளினிக் நடத்தும் டாக்டர்களே பாடம் நடத்த வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருந்து பதவி உயர வழி வேண்டும். 2020 மார்ச் 25-ல், முதல் ஊரடங்கின் முதல் நாளில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், தொடர் சிகிச்சையை போனிலேயே பார்க்க டாக்டருக்குச் சட்டப்படி இடம் தந்தன. முகமே தெரியாத ஆப் டாக்டரை விட, நம் சரித்திரம் தெரிந்த டாக்டரின் கையில்தான் அந்த வசதி முழுப் பலன் தரும்.

உங்கள் பங்குக்கு

- குடும்பத்துக்கு ஒரு பொது மருத்துவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். சின்னத் தொந்தரவுக்கும் அவரிடமே முதலில் போங்கள்.
- நிபுணரிடம் போய்வந்தால் அந்தச் சீட்டை அவரிடம் காட்டுங்கள்.
- ஆறு மாதத்துக்கு ஒரு முறை வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகள், மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கியவை உட்பட.
- "ஊசி போடுங்க" என்று கேட்காதீர்கள். "எது நடந்தா உடனே வரணும்?" என்று கேளுங்கள்.
- மருந்து எழுதாமல் அனுப்பினாலும் ஃபீஸைச் சந்தோஷமாகக் கொடுங்கள். நீங்கள் கொடுப்பது அவருடைய முடிவுக்கான விலை.

ஆனால் நோயாளிகள் திருந்தினால் மட்டும் இது மாறிவிடாது. இளம் டாக்டர்கள் பேராசைக்காரர்கள் என்று திட்டுவதிலும் பயனில்லை. பணமும் மரியாதையும் எந்தப் பக்கம் போகின்றனவோ அந்தப் பக்கம்தான் அவர்களும் போவார்கள், வேறெந்தத் தொழிலிலும் அப்படித்தானே? தேர்தல் வந்தால் எங்கள் ஊருக்கு மருத்துவக் கல்லூரி வேண்டும், பல்நோக்கு மருத்துவமனை வேண்டும் என்று கேட்கிறோம். கேட்டது கிடைத்தும் இருக்கிறது. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம், என் குடும்பத்தின் உடல்நலத்துக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் டாக்டர் யார், அவருக்கு நீங்கள் என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்போம். கட்டடம் கட்டுவதை விட இதற்குச் செலவு குறைவு. ரிப்பன் வெட்ட ஒன்றும் இருக்காது என்பதுதான் இதில் உள்ள ஒரே சிக்கல்.